மாமாவின் சீமைத் துப்பாக்கி

இறந்துபோன ஒரு மனிதரை நான் பொய்யராக்கியிருக்கிறேன். அவர் என் மாமா, அப்பாவின் தங்கையைக் கட்டியவர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் கேஷியராக இருந்தார். வாரக்கூலியை ரொக்கமாகக் கொடுத்த காலம் அது. பாங்கியிலிருந்து பணப்பையோடு வருகிற ஆளுக்குக் கைத்துப்பாக்கி வேண்டும் என்று முதலாளியே உரிமத்துக்கு எழுதிக் கொடுத்தாராம். அப்போது நம் பக்கமெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். அதன் கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ மதுரையில். அங்கேயே, ஹார்வி மில்லில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவரிடம் ஐம்பதுகளில் அந்த ரிவால்வரை வாங்கியதாக மாமா சொல்வார். "சீமைத் துப்பாக்கிடா, பர்மிங்காம்ல செஞ்சது" என்பார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. தேர்தல் அறிவித்தால் போதும், ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவந்து பூஜை அலமாரியில் வைத்துக்கொள்வார்.

மாமா போன பிறகு அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தனியாக இருந்தார். அத்தை மகன் வெளிநாட்டில். துப்பாக்கி வேண்டாம் என்றுவிட்டான். அதை விற்றுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன் என்று சொந்தத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

உரிமதாரர் இறந்துவிட்டால் ஆயுதத்தையும் தோட்டாக்களையும் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இது. எனக்குத் தெரியும். தெரிந்தும், "பெறகு பாத்துக்கலாம் அத்தை" என்று பொங்கலிலிருந்து ஆடிவரை பீரோவில் கிடக்கவிட்டேன். எழுபதைத் தாண்டிய ஒரு விதவையைச் சட்டத்துக்குப் புறம்பான ஆயுதத்தோடு ஒரே வீட்டில் உட்கார வைத்தேன்.

அது போதாதென்று அதைச் 'சுத்தம்' வேறு செய்தேன். தோல் உறையிலேயே கிடந்ததால் குழலில் அங்கங்கே துருப் புள்ளிகள் விழுந்திருந்தன. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். நீலம் பாய்ந்த கறுப்புப் போய் வெள்ளி மாதிரி பளபளத்தது. பழைய துப்பாக்கிக்கு விலையே அந்த நீலப்பூச்சில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் ஏற்றிய பூச்சு தேய்ந்து மங்கியிருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. துருவுக்கு மெல்லிய எண்ணெயும் துணியுமே போதும். உப்புத்தாள் பூச்சை உரித்து, எழுத்துகளின் விளிம்பையும் மழுக்கிவிடும்.

அந்த எழுத்துகளை நான் பார்த்தேன். கட்டைவிரலால் தாழ்ப்பாளைத் தள்ளிக் குழலை மடக்கினால் தோட்டா உருளை மேலே எழும்பி நிற்கும். உருளையின் மேல் பொடிப்பொடியாகக் கிரீடங்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு ஆங்கில எழுத்துகள். பக்கவாட்டில் சிறகு முளைத்த தோட்டா போல ஒரு சின்னம், பாதி தேய்ந்து. விற்கக் கொண்டுபோன ஆயுதக் கடைக்காரரிடம் இவை என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையிலும் .32 ரிவால்வர் செய்கிறார்கள். வெப்லி என்ற சீமைக் கம்பெனியின் ரிவால்வரைப் பார்த்துச் செய்ததுதான். அதே மடக்கு, ஏறக்குறைய அதே உருவம். உரிமப் புத்தகம் புதிதாகப் போட்டபோது தயாரிப்பாளர் பெயரை எழுதாமல் விட்டிருந்தார்கள். உருவத்தை மட்டும் பார்த்து, "இது கான்பூர் சாமான்" என்று நானே சொன்னேன். கடைக்காரர் மறுக்கவில்லை. பழைய கான்பூர் துப்பாக்கிக்குரிய விலையில், தேய்த்ததற்கும் கழித்துக்கொண்டு பேசி முடித்தார். மாமா அதை வாங்கியது ஐம்பதுகளில். கான்பூரில் அந்த ரிவால்வர் வந்ததோ பல பத்தாண்டுகள் கழித்து. இந்தக் கணக்கைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை.

அத்தை கேட்டார்: "மாமா சீமைன்னு சொல்வாகளேப்பா?"

"மாமா சும்மா பெருமைக்குச் சொல்லியிருப்பார் அத்தை."

அத்தை வேறெதுவும் கேட்கவில்லை. "நீ பாத்தாச் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

வாரிசுகளின் சம்மதம், கலெக்டர் அனுமதி எல்லாம் ஆகித் துப்பாக்கி கைமாறியது. பிறகு மதுரையில் வேறொரு கடையில், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் வெப்லி ஒன்றை மடக்கிக் காட்டினார். அதே கிரீடங்கள். பர்மிங்காம் சோதனைச் சாலை வெடித்துப் பார்த்துத் தேறியவற்றுக்குக் குத்தும் முத்திரை. 1904-க்குப் பிறகு வந்த வடிவம் என்றார். சிறகுத் தோட்டா வெப்லி கம்பெனியின் சின்னம். எண்பதுகளின் நடுவில் இறக்குமதி அடைபட்டதால், ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் சீமை ரிவால்வர்கள்தான் உரிமம் உள்ளவர்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதனால் விலை கான்பூரைப் போலப் பல மடங்கு. வீட்டுக்கு வந்து மாமாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். பழைய உரிமப் புத்தகம் அடியில் இருந்தது. 'வெப்லி அண்ட் ஸ்காட்' என்று மசியில் தெளிவாக எழுதியிருந்தது, எண்ணோடு.

லாகூரில் 1928-இல் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட பகத் சிங்கின் கோல்ட் பிஸ்டல், இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படை அருங்காட்சியகத்தில் கறுப்புப் பெயின்ட்டுக்குள் அடையாளம் தெரியாமல் கிடந்தது. பெயின்ட்டைச் சுரண்டியதும் 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கின் ஆவணங்களோடு ஒப்பிட்டு அதுதான் என்று உறுதிசெய்தார்கள். அங்கே அக்கறையுள்ளவர்கள் சுரண்டி ஓர் எண்ணை மீட்டார்கள். நான் தேய்த்து ஒரு சின்னத்தை அழிக்கப் பார்த்தேன், காகிதத்தைத் தேடாமல்.

உண்மை தெரிந்த பிறகும் அத்தையிடம் சொல்லாமல் இருந்தேன். என் குற்றங்களில் பெரியது இதுதான். போகும்போதெல்லாம் பால்கோவா வாங்கி வைத்திருப்பார், "உன்னாலதான் அந்தச் சனியன் தொலைஞ்சுது" என்பார். நான் தின்றுவிட்டு வருவேன்.

இந்த ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போனபோது பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அத்தை முன்னால் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். போன பணத்தின் கணக்கையும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியை என்னை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார்.

"அப்ப மாமா சொன்னது நெசந்தானா? இத்தனை வருசமா அவுகளை நான் தப்பா நெனைச்சிருந்தேனே."

குறைந்த தொகையை மாதாமாதம் தந்துவருகிறேன். அவர் வேண்டாம் என்றாலும் அது தீரும்வரை தருவேன். அந்த வருசங்களை எப்படித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை.