துருவும் தீயும்

கடலைத் தொடாத மாவட்டம் விருதுநகர். மேற்கே மலைத்தொடர், கிழக்கே கரிசல் வெளி. எத்திசையில் சென்றாலும் இன்னொரு மாவட்டத்தைக் கடந்தே கடற்கரையை அடைய வேண்டும். சிவகாசியில் பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவர் பயணியர் கப்பலைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கக்கூடும். ஆயினும், கப்பலில் பணியாற்றுவோர் எதைக் கண்டு மிகுதியும் அஞ்சுவார்களோ அதனை அந்த மாணவரும் நன்கு அறிவார். புயலுக்கு இணையாக அவர்கள் அஞ்சுவது தீயைக் கண்டுதான். நிலத்தில் தீப்பற்றினால் வெளியே ஓடலாம். நடுக்கடலில் வெளி என்பதே நீர்தான்.

நீர் சூழ்ந்த கப்பலுக்கும் மழைக்கு ஏங்கும் கரிசல் நிலத்துக்கும் தோற்றத்தில் எவ்வித ஒற்றுமையும் இல்லை. ஆனால், அக்கப்பலின் பயணியையும் இந்நிலத்தின் பட்டாசுத் தொழிலாளியையும் காப்பது ஒன்றே. அது அன்றாடப் பராமரிப்பு. அது முறையாக நடக்கும் நாளில் எவர் கண்ணிலும் படுவதில்லை. தவறும் நாளில் ஊரே அதனை அறிகிறது.

மேல்தளத்து வாழ்க்கை

தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்த கப்பல்களுள் மக்கள் நாவில் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அக்கப்பல் 1926ஆம் ஆண்டு பணிக்கு வந்தது. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி எதிர்த்து நின்றது இதே கம்பெனியைத்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு ரஜூலா சென்றுவந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரைவிட்டுப் புறப்பட்ட உழைப்பாளிகளும், கடை வைத்துப் பிழைக்கச் சென்ற வணிகர்களும், கணவரைத் தேடிச் சென்ற பெண்களும் அதில் பயணம் செய்தனர்.

தொடக்கக் காலத்தில் ஏறத்தாழ 5000 மேல்தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல அக்கப்பலுக்கு உரிமம் இருந்தது. பின்னாளில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. மேல்தளப் பயணி என்பவருக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் ஒரு பாயை விரித்து, அதன் ஓரத்தில் தகரப் பெட்டியை வைத்தால் அதுவே அவருடைய வீடு. அடுத்த பாய் அடுத்த வீடு. அலை மிகுந்தால் தலைசுற்றலும் வாந்தியும். மழை வந்தால் கித்தான் மறைப்பின் கீழ் நெருக்கடி. நன்னீரை அளந்தே பயன்படுத்த வேண்டும். ஆனாலும், அந்தப் பாய்களின் மீதுதான் அறியாதவர் உறவினர் ஆயினர். ஒருவர் கொண்டுவந்த ஊறுகாய் நால்வர் இலையில் விழுந்தது. ஏறத்தாழ ஒரு வாரப் பயணத்தில் ஒரு தெருவே உருவாகிக் கலைந்தது.

காலடியில் நடந்த பணி

பாயில் படுத்திருந்த பயணிக்குத் தம் காலடியில் நிகழ்ந்த மற்றொரு வாழ்க்கை தெரிந்திருக்காது. நீராவிக் கப்பலின் இயந்திர அறை வெப்பமும் இரைச்சலும் நிறைந்த ஓர் உலகம். கொதிகலனின் உட்புறத்தில் உப்பும் சுண்ணமும் படியும். அந்தப் படிவு வெப்பத்தை நீருக்குச் செல்லவிடாமல் தடுப்பதால் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி வலுவிழக்கும். ஆகவே, அதனைக் காலந்தோறும் சுரண்டி நீக்க வேண்டும். குழாய்களின் இணைப்புகள் கசிகின்றனவா என்று நாளும் பார்க்க வேண்டும்.

இயந்திரத்தைவிடப் பெரிய பகை வெளியே காத்திருக்கிறது. உப்புக் காற்றும் உப்பு நீரும் இரும்பை ஓயாமல் அரிக்கின்றன. துருவைச் சுரண்டுதல், வண்ணம் பூசுதல், மீண்டும் துருவைச் சுரண்டுதல் என்னும் பணிக்குக் கப்பலில் முடிவே இல்லை. அணியத்தில் தொடங்கிப் பின்புறம் வந்து சேர்வதற்குள் அணியத்தில் மறுபடி துரு தலைகாட்டும். நீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியினங்களும் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைக்கும். எனவே, குறித்த காலத்தில் கப்பலை உலர்துறையில் ஏற்றி, நீரை வடித்து, அடிப்பகுதியைத் துப்புரவு செய்ய வேண்டும். கப்பலின் உறுதியை ஆய்ந்து சான்றளிப்பதற்கென்றே 1760ஆம் ஆண்டு இலண்டனில் லாயிட்ஸ் பதிவகம் தோன்றியது. பழைய ஆய்வாளர்கள் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே இரும்பின் நலத்தை அறிந்தனர். இன்று அதே பணியைக் கேளா ஒலிக் கருவி செய்கிறது.

இத்தகைய ஓயாத உழைப்பினால் ரஜூலா ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடலில் உலவியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் பணியாற்றி மீண்டது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, 'ரங்கத்' எனப் பெயர் மாறி, மறு ஆண்டு உடைக்கப்பட்டது. அதில் சென்றவர்களின் நினைவில் அது பயணத்தின் பெயராலேயே நிற்கிறது. ஆயிரக்கணக்கான நாள்கள் ஒன்றும் நிகழாமல் கழிந்தன. ஒவ்வொரு நாளும் எவரோ ஒருவர் கீழே இருந்து உழைத்ததால் அவ்வாறு கழிந்தன.

வயது மட்டுமா காரணம்?

ரஜூலாவின் வழித்தடத்தில் அடுத்து வந்த கப்பல் 'சிதம்பரம்'. 1966இல் பிரான்சு நாட்டில் 'பாஸ்தர்' என்னும் பெயருடன் பணியைத் தொடங்கிய அதனை இந்தியக் கப்பல் கழகம் 1970களின் தொடக்கத்தில் வாங்கியது. ரஜூலாவைவிட 40 ஆண்டுகள் இளைய கப்பல் அது. வசதிகளும் மிகுதி. ஆயினும், 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அதில் தீப்பற்றியது. பல உயிர்கள் மாண்டன. அதன்பின் பயணியரை ஏற்றிச்செல்லும் பணிக்கு அது திரும்பவில்லை. அப்போது அதன் வயது 19 மட்டுமே.

பழைய கலம் என்றாலே இடர், புதிய கலம் என்றாலே காப்பு என்று கருத இயலாது என்பதை இவ்விரு கப்பல்களின் வரலாறு காட்டுகிறது. முதுமை கூடுதல் கவனத்தைக் கேட்கிறது என்பது உண்மை. இளமை கவனமே வேண்டாம் என்று சொல்வதில்லை.

கடல் கடந்த இரு சான்றுகள்

முதுமை கேட்ட கவனம் கிடைக்காதபோது என்ன நேரும் என்பதற்கு 'யார்மவுத் காசில்' ஒரு சான்று. 1927இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1965 நவம்பர் 13 அன்று மயாமியிலிருந்து பகாமாத் தீவுகளின் நசாவ் நகருக்கு உல்லாசப் பயணிகளுடன் சென்றுகொண்டிருந்தது. பொருள்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த அறை ஒன்றில் நள்ளிரவுக்குப் பின் தீ எழுந்தது. மரத்தாலான உட்பகுதிகளும், ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருந்த வண்ணமும் தீக்கு விறகாயின. 90 பேர் உயிரிழந்தனர். கப்பலின் முதுமையை மறைக்கப் பூசிய வண்ணமே அதன் முடிவை விரைவுபடுத்தியது. பராமரிப்புக்கும் ஒப்பனைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

அத்துயருக்குப் பின் பயணியர் கப்பல்களின் தீத்தடுப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. எளிதில் தீப்பற்றும் பொருள்களால் உட்பகுதி அமைந்த பழைய பயணியர் கப்பல்கள் 2010 அக்டோபர் முதல் பன்னாட்டுப் பயணத்திலிருந்து விலக்கப்பட்டன. அவ்விதிகளின் பயனை மற்றொரு கப்பலில் காணலாம். 2013 பிப்ரவரி 10 அன்று, மெக்சிகோ வளைகுடாவில் 4200க்கும் மேற்பட்டோருடன் சென்ற 'கார்னிவல் டிரையம்ப்' என்னும் உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றியது. மின்னாக்கி ஒன்றின் எரிபொருள் குழாயில் ஏற்பட்ட கசிவே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. தானியங்கித் தீயணைப்பு அமைப்பு இயங்கியது. ஓர் உயிரும் போகவில்லை.

ஆனால், மின்சாரம் நின்றது. குளிரூட்டி நின்றது. கழிப்பறைகள் செயலிழந்தன. உணவுக்கு நீண்ட வரிசைகள் உருவாயின. பெரும் பொருள் கொடுத்துச் சொகுசு அறை பெற்றவர்கள் அறைகளின் வெம்மையும் நாற்றமும் தாங்காமல் மேல்தளத்துக்கு வந்து, படுக்கை விரிப்புகளைக் கூரையாகக் கட்டிப் படுத்துறங்கினர். இழுவைக் கப்பல்கள் அதனை அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது பிப்ரவரி 14 இரவு ஆகிவிட்டது. ஒரு குழாயின் கசிவு அவர்களையும் மேல்தளப் பயணிகள் ஆக்கிவிட்டது. ரஜூலாவின் பயணிகள் வறுமையால் ஏற்ற வாழ்வை, இவர்கள் ஒரு கசிவினால் ஏற்க நேர்ந்தது.

விதி என்னும் நினைவுச்சின்னம்

1912இல் டைட்டானிக் மூழ்கியது. 1914இல் கடலில் உயிர்க் காப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. 2012இல் இத்தாலியக் கடற்கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி அளித்தால் போதும் என்று அதுவரை இருந்த விதி, புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ அளிக்க வேண்டும் என்று பின்னர் மாற்றப்பட்டது. பாதுகாப்பு விதிகள் பலவற்றின் பின்னால் மாண்டவர்களின் பெயர்கள் எழுதப்படாமல் நிற்கின்றன.

இதனைக் கடற்கரை மக்களுக்கு நிகராக உணர்ந்தவர்கள் சிவகாசி வட்டாரத்து மக்கள். 1920களில் தீப்பெட்டித் தொழிலில் தொடங்கி, பட்டாசும் அச்சும் வளர்ந்த நிலம் அது. அங்குள்ள பட்டாசு ஆலையின் அமைப்பே ஒரு விதிநூல். பணி அறைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. ஓர் அறையில் மூண்ட தீ அடுத்த அறையை எட்டக்கூடாது என்பதற்கே அந்த இடைவெளி. மருந்து நிரப்பும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இரும்புக் கருவி கூடாது; உராய்வில் பொறி எழும். செயற்கை இழை ஆடை கூடாது. அதில் நிலைமின்சாரம் தேங்கும். அலுமினியப் பொடியில் ஈரம் படக்கூடாது. அது வெம்மையை எழுப்பும். கலந்த மருந்தை மறுநாளுக்கு வைத்திருத்தல் கூடாது.

ஒவ்வொன்றும் மிகச் சிறிய செயல். ஒவ்வொன்றும் சில நிமிடங்களைக் கேட்பது. தீபாவளி நெருங்கும்போது அந்தச் சில நிமிடங்களே விலைமிக்கவை ஆகின்றன. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுபவர் வேகத்தை நாடுகிறார். வாங்குபவர் விரைவில் கேட்கிறார். நேற்று ஐந்தாமவர் ஒருவர் அறைக்குள் அமர்ந்தார், ஒன்றும் ஆகவில்லை. இன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் விதியைத் தேவையற்றதாகக் காட்டுகிறது. கப்பலில் துருவைச் சுரண்டாமல் விட்ட முதல் நாளும் அவ்வாறே கழிகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உதவுவதற்காக ஓடிவந்த மக்களும் அவர்களுள் இருந்தனர்.

அழிவை அனைவரும் நினைவில் வைக்கின்றனர். தடுக்கப்பட்ட அழிவுக்கு நினைவுச்சின்னம் இல்லை. கப்பலைக் காத்த கொதிகலன் பணியாளருக்கும், ஐந்தாமவரை அறைக்குள் விடாமல் திருப்பி அனுப்பிய போர்மேனுக்கும் எவரும் மாலையிடுவதில்லை. அவர்களுடைய வெற்றிக்குச் சான்று ஒன்றே. அன்று மாலை எல்லாரும் வீடு திரும்பினர்.

சிவகாசிச் சாலைகளில் இன்றும் விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஆலைப் பேருந்துகள் புறப்படுகின்றன. பருத்திச் சேலை உடுத்திய பெண் ஒருவர் அறை வாயிலில் பதித்துள்ள செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொடுகிறார். உடலில் தேங்கிய மின்னூட்டம் நிலத்தில் இறங்குகிறது. ஒரு நொடியும் ஆகாத செயல் அது. அதனை முடித்த பின்னரே அவர் உள்ளே காலெடுத்து வைக்கிறார்.