மஞ்சள் விளக்கும் இடப்பக்கச் சக்கரமும்

எங்கள் காரின் முகப்புப் பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு உண்டு. குதிரை லாடத்தின் நடுவே ஒரு வியப்புக்குறியை நிறுத்தி வைத்தாற்போன்ற வடிவம். டயரில் காற்றுக் குறைந்தால் அது எரியும் என்பதற்கு மேல் அதைப்பற்றி நாங்கள் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. அதன் மொழியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு மாத காலமும் ஒரு புத்தம்புதிய டயரும் செலவாயின. அந்த இரண்டு மாதத்தில் 82 வயதான தாயாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு எத்தகைய ஆபத்தின் விளிம்பில் பயணம் செய்தோம் என்பதை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது.

நாங்கள் வேடசந்தூரில் வாழ்பவர்கள். கணவன் மனைவி இருவருமே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். எங்களில் ஒருவர் வண்டி ஓட்டுவார். மற்றவர் அருகில் அமர்ந்து, எப்படி ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டு வருவார். கோவையிலுள்ள மகன் 2017இல் வாங்கி, பிறகு எங்களிடம் விட்டுச்சென்ற கார் அது. 2025 மே மாதத்தில் நான்கு டயர்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது என்று பொருள். பூக்கள் தேயவில்லையே என்று எட்டு ஆண்டு ஓட்டிவிட்டோம். ரப்பர் மூப்படைவதற்கு ஓட வேண்டும் என்பதில்லை.

டயர் மாற்றிய கடையில்தான் சென்சார் என்ற சொல் எங்கள் வாழ்வில் நுழைந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், காற்றடைக்கும் வால்வின் அடியில், தீப்பெட்டியினும் சிறிய ஒரு கருவி இருக்கிறது. அது டயரின் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து வானொலி அலையாகக் காருக்கு அனுப்புகிறது. அதனுள் ஒரு பாட்டரி. அதைத் தனியே கழற்றி மாற்ற இயலாது. ஐந்து முதல் பத்தாண்டுக்குள் அது உயிரை விடும்போது கருவியையே மாற்ற வேண்டியதுதான். எங்கள் வண்டியில் இரண்டு ஏற்கெனவே அடங்கிவிட்டிருந்தன. மூன்றாவது, பழைய டயரை நெம்பிக் கழற்றும்போது உடைந்தது. எஞ்சியது ஒன்றுதானே, நான்கையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார் கடைக்காரர். மூன்று அவரிடம் இருந்தன. நான்காவதை எங்கள் மகன் இணையத்தில் வாங்கி அனுப்பினான், விலை மலிவாக.

புதிய டயர், புதிய சென்சார். வண்டியைக் கிளப்பினால் விளக்கு கண் சிமிட்டியது. ஏறத்தாழ ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தது. “கொஞ்ச தூரம் ஓட்டுங்க சார், தானாப் படிச்சுக்கும்” என்றார் கடைக்காரர்.

கரூர்ச் சாலையில் அரவக்குறிச்சி வரை போய்த் திரும்பினோம். அது படித்துக்கொள்ளவில்லை. பாட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினோம், பயனில்லை. கைப்பேசிக்கு மின்னேற்றும் மலிவான கருவிகள் சில வேளை அந்த அலையைக் கெடுக்கும் என்று மகன் சொன்னான். அதையும் பிடுங்கிப் பார்த்தோம். விளக்கு அசைந்து கொடுக்கவில்லை. கையிலிருந்த காற்றழுத்தமானியால் அளந்தால் நான்கு டயரிலும் 33 பவுண்டு சரியாக இருந்தது. எனவே விளக்கு பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வந்தோம். எங்கள் தவறு அங்கே தொடங்கியது.

உண்மையில் விளக்கு பொய் சொல்லவில்லை. காரோடு வந்த கையேட்டில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கிளப்பியவுடன் சிமிட்டாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு எரிந்தால், ‘சக்கரத்திலிருந்து எனக்குச் செய்தி வரவில்லை’ என்று பொருள். கையேடு எட்டு ஆண்டாக அதன் பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. மாணவர்களைப் பாடநூலைப் படி, படி என்று விரட்டிய இருவரின் வீட்டு நிலைமை அது.

ஒரு மாதம் கழித்து வேறொரு பணிமனைக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் கைக்கு அடக்கமான ஒரு கருவியை வால்வருகே பிடித்தார். நிற்கும் வண்டியில் சென்சார் உறங்கும். அந்தக் கருவி தட்டியெழுப்பினால் தன் எண்ணையும் அழுத்தத்தையும் சொல்லும். மூன்று பேசின. நான்காவது வாய் திறக்கவில்லை. கருவியின் அமைப்பை மாற்றியபின் அதுவும் பேசியது, ஆனால் வேறொரு அலைவரிசையில். அமெரிக்கச் சந்தைக்கான சென்சார்கள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. எங்கள் காரின் காது 433இல் மட்டுமே கேட்கும். மகன் மலிவாக வாங்கியது 315. இலங்கை வானொலியைத் தேடிச் சென்னை நிலையத்தில் முள்ளை வைத்துக்கொண்டு காத்திருந்த கதைதான்.

அதை மாற்றியாயிற்று. அதன்பிறகு இன்னொரு வேலை இருந்தது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்ததோர் எண் உண்டு. பக்கத்தில் நிற்கும் அயலார் காரின் டயரையும் தன்னுடையதென்று எண்ணி மயங்காதிருக்க, எந்த நான்கு எண்கள் தன்னுடையவை, எது எந்த மூலையில் என்பதைக் கார் தன் நினைவில் வைத்திருக்கிறது. சில கார்கள் ஓட ஓடத் தாமே கற்றுக்கொள்ளும். எங்களுடையது அப்படியன்று; ஸ்டீயரிங்கின் அடியிலுள்ள துளையில் கருவியை மாட்டி எழுதி வைக்க வேண்டும். இளைஞர் எழுதினார். விளக்கு அணைந்தது. திரையில் நான்கு மூலையிலும் நான்கு எண்கள் அழகாகத் தோன்றின. நாங்கள் கைதட்டாத குறை.

எழுதி முடித்தபின் சக்கரங்களைச் சமன்படுத்தினார்கள். திரும்ப மாட்டும்போது, தேய்மானம் ஒத்திருக்கட்டும் என்று வழக்கப்படி இடம் மாற்றினார்கள். முன்சக்கரங்கள் நேரே பின்னுக்கு. பின்சக்கரங்கள் குறுக்காக முன்னுக்கு. நல்லெண்ணத்தில் செய்ததுதான். காருக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஜூலையில் அன்னையாரைத் திருச்சியிலுள்ள கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வடமதுரை வந்து நான்குவழிச் சாலையைப் பிடித்தோம். அய்யலூரைத் தாண்டியதும் விளக்கு எரிந்தது. சிமிட்டவில்லை, நேரே எரிந்தது. திரையில் இடப்பக்க முன்சக்கரம் 25. அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். காற்றுப் பிடிக்கும் தம்பி அந்தச் சக்கரத்தில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “36 இருக்குதுங்க. சென்சார் வச்ச வண்டி எல்லாம் இப்படித்தான். பேசாமப் போங்க.”

முப்பது கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய டயரில் 36 இருப்பது முறையே. ஒரு மாதம் எங்களை அலைக்கழித்த விளக்கு மீண்டும் தன் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தோம். மற்ற மூன்று சக்கரங்களிலும் ஒருமுறை குழாயை வைக்கச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மருத்துவமனையில் வரிசை நீளுமே என்ற அவசரம். எண் குறைந்துகொண்டே வருவது கண்ணை உறுத்தவே, அருகிலிருந்தவர் திரையை வேறு பக்கத்திற்கு மாற்றிவிட்டார். இதை எழுதும்போது அவர் தலை குனிந்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்கிறார்.

வையம்பட்டி கடந்திருக்கும். இடப்பக்கம் பின்னால் அமர்ந்திருந்த அன்னையார், “ஏப்பா, என் காலடியிலே என்னமோ தடதடன்னு அடிக்குது” என்றார். சாலை அப்படி அம்மா என்றோம். சற்றுப் பொறுத்து மீண்டும் சொன்னார். “ரோடு இல்லப்பா. வண்டி என் பக்கம் உக்காந்திருக்கு. நிப்பாட்டு.” கண்ணில் புரை படர்ந்து, எதிரிலிருப்பவர் முகமே மங்கலாகத் தெரியும் நிலையில் இருந்தவர் அவர்.

இறங்கிப் பார்த்தோம். இடப்பக்கப் பின்சக்கரம் பாதி சப்பியிருந்தது. பூவினிடையே ஒரு திருகாணி. பக்கவாட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அளந்தால் 14 பவுண்டு. முன்சக்கரம் என்று கார் அறிவித்தது இதைத்தான். அது அங்கிருந்து இங்கே மாற்றப்பட்டதை அறியாமல் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது. செய்தி உண்மை, முகவரி தவறு.

நூற்பாலைக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிச் சென்ற லாரி ஒன்று எங்களைக் கண்டு நின்றது. ஓட்டுநர் ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டித் தந்தார். புறப்படுமுன் தம் லாரியைச் சுற்றிவந்து ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி ஒலி கேட்டார். எத்தனை ஆண்டுகளாக இக்காட்சியைச் சாலையோரத்தில் பார்த்திருக்கிறோம்! காரணத்தை அன்றுதான் யோசித்தோம்.

மணப்பாறையில் பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து மிளகுத்தூள்போல் கருந்தூள் கொட்டியது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடேறுகிறது. உட்சுவர் அரைபட்டுத் தூளாகிறது. “இதை ஒட்டித் தர மாட்டேன். இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தா வெடிச்சிருக்கும்” என்றார் அவர். இரண்டு மாத வயதான டயரை அங்கேயே விட்டு வந்தோம். சென்சாரைக் கழற்றி எடுத்துக்கொண்டோம்.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் டயர் வெடிக்கும், ஆகையால் காற்றைக் குறைத்து வை என்று நம் ஊர்ப்பக்கம் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம், நாங்களும் செய்திருக்கிறோம். அது தலைகீழான அறிவுரை. ஏறத்தாழ ஐந்தரை டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஒரு பவுண்டு அழுத்தம் கூடும்; அதைக் கணக்கிட்டே டயரைச் செய்கிறார்கள். நண்பகலில் ஓடி வந்த சூட்டோடு காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் பட்டினி கிடக்கும். அளப்பதெல்லாம் விடியற்காலையில், வண்டி கிளம்புமுன் அளக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவை ஒட்டிய தூணில் எத்தனை பவுண்டு என்ற சீட்டு பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கும்.

காற்றுக் குறைவு எத்தனை கொடியது என்பதை அமெரிக்கா பெருவிலை கொடுத்தே கற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்திய ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பூ பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டயரில் குறை இருந்தது. அத்துடன், டயர் நிறுவனம் 30 பவுண்டு என்று சொல்ல, கார் நிறுவனம் 26 போதும் என்று எழுதி வைத்திருந்ததும் பெரும் வழக்காயிற்று. 2000ஆம் ஆண்டில் லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் இயற்றிய சட்டத்தின் பயனாகவே 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்களிலெல்லாம் இந்த விளக்கு கட்டாயமாயிற்று. குறிப்பிட்ட அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால் அது எரிந்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. எங்கள் 33இல் கால் பங்கு போனால் ஏறத்தாழ 25. அய்யலூரில் அது தன் கடமையை அணுவளவும் பிசகாமல் செய்திருக்கிறது.

நம் நாட்டில் 2020இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டியூப் இல்லாத டயரும், இந்தக் கண்காணிப்பு அமைப்பும், ஓட்டையடைக்கும் பசைப் பெட்டியும் உள்ள சிறு கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்றார்கள். எங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வையம்பட்டிச் சாலையோரத்தில் உட்சுவர் தூளாகிப்போன டயரை எந்தப் பசை காப்பாற்றியிருக்கும்? போதாக்குறைக்கு, சிலவகைப் பசைகள் சென்சாரின் சிறு துளையையே அடைத்துவிடுகின்றனவாம்.

ஊர் திரும்பியதும் புதிய டயரைப் போட்டு, முற்றத்தில் காரை நிறுத்தி நாங்களே ஒரு சோதனை செய்தோம். இடப்பக்க முன்சக்கரத்தில் ஏழு பவுண்டு காற்றை இறக்கிவிட்டுத் தெருமுனை வரை ஓட்டி வந்தோம். திரையில் குறைந்தது வலப்பக்கப் பின்சக்கரம். அடுத்ததை இறக்கினோம். இவ்வாறு நான்கையும் பார்த்து, எது எங்கே என்று நோட்டுப்புத்தகத்தில் படம் வரைந்துகொண்டு பணிமனைக்குப் போனோம். அந்த இளைஞர் படத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, முகம் சிவக்க மன்னிப்புக் கேட்டார். எண்களை மாற்றி எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் கண்ணெதிரே மறுபடி ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை இறக்கிச் சரிபார்த்த பிறகே புறப்பட்டோம். டயரையோ சென்சாரையோ மாற்றியவர்களும், சக்கரங்களை இடம் மாற்றியவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு காற்றழுத்தமானியும் சிறிய காற்றடிப்பானும் போதும்.

செப்டம்பரில் அன்னையாருக்கு ஒரு கண்ணில் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்துப் பார்க்க மீண்டும் திருச்சிக்குப் புறப்பட்ட அதிகாலையில், எங்களில் ஒருவர் குனிந்து நான்கு சக்கரங்களையும் அளக்க, மற்றவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 33, 33, 32, 33. அன்னையார் திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “அந்த முப்பத்திரண்டு எந்தச் சக்கரம்?” என்று கேட்டார். வலப்பக்க முன்சக்கரம் என்றோம். “அதையும் நிரப்பிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், வழக்கம்போல் இடப்பக்கம் பின்னால் அமர்ந்துகொண்டார்.