ஒன்றேகால் மணி நேரத் தூரம்

கட்டுநாயக்கவிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 645 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது ஐம்பது நிமிட வேலைதான். ஆயினும் கால அட்டவணைகள் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலாகவே காட்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலெழுவதும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் சேர்ந்துவிடுகின்றன.

கித்துல்கலவிலிருந்து பார்க்கும்போது கணக்கு வேறு. அங்கிருந்து கட்டுநாயக்க, வான்வழியில் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால், களனி கங்கையை ஒட்டி வளைந்து செல்லும் வீதியில் யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று பஸ் மாறிப் போக மூன்று, நான்கு மணி நேரமாகும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் நேரம் தனி. (‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காக 1957இல் பாலம் தகர்க்கப்பட்ட ஊர் என்றுதான் வெளியார் இதனை அறிவர். அந்தச் சயாம் ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழர்களுக்குப் படத்தில் இடமில்லை என்பது வேறு கதை.)

ஒரு றப்பர்த் தோட்டத்தில் ஓய்வுபெற்ற தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “மெட்ராசுக்கு பிளேன்ல எவ்வளவு நேரங்க ஐயா?” சொன்னேன். “அம்புட்டுதானா?” என்றவர், வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தங்கை எழுபதுகளில் கூடலூருக்குப் போனவர். அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை.

இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயார் சிலோனின் முதல் விமானம் பறந்தது 1947 டிசம்பர் 10ஆம் திகதி. அந்த வான்வழி திறந்து ஓராண்டு நிறையுமுன்னரே, 1948 நவம்பரில், பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்துக் குடும்பங்கள் இரண்டாயின. போனவர்களுக்கு விமானம் ஏது? தலைமன்னார் வரை ரயில், பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல். 1984இல் அக்கப்பலும் நின்றது.

கூடலூருக்குச் சென்னையைவிடத் திருச்சி கிட்ட. கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். அதன்பின் நீலகிரி மலையேற இன்னும் ஒரு பகல் வேண்டும். ஆக, விடியற்காலையில் லயத்தை விட்டிறங்கும் ஒருவர் மறுநாள் தங்கையின் வாசலில் நிற்கலாம்.

காகிதத்தில் அப்படித்தான். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. போய்வரும் பயணச்சீட்டுக்கு அதில் ஒரு மாத உழைப்புப் போதாது. கடவுச்சீட்டும் விசாவும் அதற்கு முன்னால் நிற்கின்றன. அந்தத் தாயின் மகன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கப் புறப்பட்டபோது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருப்பதைக் கண்டார். தோட்டங்களில் இது மிகச் சாதாரணம். பெயரைக் காதால் கேட்டு எழுதிய காலத்து எழுத்து.

திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். தங்கைக்கு இப்போது வயது எழுபத்தெட்டு.