மணிக்கட்டில் வலி, முழங்கையில் முறிவு

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு லேத் பட்டறையின் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அடிமுறை என்னும் சண்டைக்கலையைச் சொல்லிக்கொடுக்கிறார் ஓர் ஆசான். குமரி மாவட்டம், தக்கலைப் பக்கம் ஊர். மற்ற நாட்களில் கீழே டர்னர் வேலை. படிக்க வருகிறவர்களும் பெரும்பாலும் பட்டறைப் பையன்கள்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள், நடுவில் சில கன்னடப் பிள்ளைகள்.

அன்று கைப்பூட்டு நடந்தது. ஒருவனின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி வெளிப்பக்கமாகத் திருகினார். பையன் அலறிக்கொண்டு முட்டி போட்டுவிட்டான். அடுத்தவன் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மாடியேறி வந்தவன். முழங்கை வரை கூலன்ட் பிசுக்கு. ஆசான் பிடித்த பிடி வழுக்கியது. இறுக்கிப் பிடித்தபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வலியைப் பொருட்படுத்தாமல், தோளைக் கொடுத்து முன்னே நெட்டிக்கொண்டு வந்தான். ஆசான் மணிக்கட்டை விட்டார். பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்து, அவன் முழங்கையைத் தன் நெஞ்சோடு அணைத்து நீட்டினார். பையன் அசையாமல் நின்றுவிட்டான்.

"மணிக்கட்டு, சொன்னா கேக்கவனுக்கு மக்கா. கேக்காதவனுக்கு முழங்கை" என்றார்.

இதை யார் முதலில் கண்டுபிடித்துச் சொன்னது என்று கேட்டேன். "எங்க ஆசான் சொன்னாரு. அவருக்கு அவரு ஆசான்" என்று முடித்துக்கொண்டார். அதற்கும் முன்னே போக முடியுமா என்று பார்க்கத்தான் நான் கிளம்பினேன்.

பூட்டோடு சேர்ந்தே வருவது வர்மம், உடம்பின் உயிர்ப்புள்ளிகளைப் பற்றிய அறிவு. தமிழ்நாட்டில் வர்மம் என்றால் பலர் நினைவுக்கு வருவது 1996இல் வந்த 'இந்தியன்' படத்தின் சேனாபதிதான். இரண்டு விரலால் ஓர் ஆளையே முடக்கிவிடும் கிழவர். ஆனால் குமரி மாவட்டத்து வர்ம நூல்களைப் புரட்டினால் வேறொரு உலகம் தெரிகிறது. வர்மங்கள் 108, அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மம்தான் உயிருக்கு ஆபத்தானது. அதிலும் அடியின் வேகத்தைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, முழு மாத்திரை என்று அளந்து, எந்த அளவுக்கு என்ன நேரும், எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், அடங்கல் எனப்படும் மீட்புப் புள்ளிகளில் எதைத் தட்டினால் மயக்கம் தெளியும் என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். அடிக்கிறவனுக்கு எழுதிய நூலில் இவ்வளவு மருத்துவம் எதற்கு? அடிபட்டு வந்து கிடக்கிறவனின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதியவை இவை என்றே எனக்குப் படுகிறது. அகத்தியர் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று 'வர்ம ஒடிவு முறிவு சரசூத்திரம்'. எலும்பு முறிவைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

பழைய சமஸ்கிருத மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையிலும் இதுவே. அங்கே வர்மத்துக்கு மர்மம் என்று பெயர்; மொத்தம் 107. உடனே உயிரைப் பறிப்பவை 19. நாள் கழித்துப் பறிப்பவை 33. தைத்த ஆயுதத்தைப் பிடுங்கினால் உயிர் போகும் இடங்கள் 3. ஊனமாக்குபவை 44. வெறும் வலி தருபவை 8. கத்தி வைக்கும் வைத்தியன் எங்கே கத்தியை வைக்கக் கூடாது என்பதற்கான எச்சரிக்கைப் பட்டியல் இது. இதில் என்னை உட்காரவைத்த இடம் ஒன்று உண்டு. மணிபந்தம் என்ற மணிக்கட்டும் குல்பம் என்ற கணுக்காலும் வலி தரும் எட்டுக்குள் வருகின்றன. கூர்ப்பரம் என்ற முழங்கையும் ஜானு என்ற முழங்காலும் ஊனமாக்கும் நாற்பத்து நான்குக்குள் வருகின்றன. பீன்யா ஆசான் சுசுருதரைப் படித்தவர் அல்லர். இருந்தும் அவர் ஒரு வரியில் சொன்ன பாகுபாடு அங்கே அப்படியே இருக்கிறது.

மணிக்கட்டு எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும் மூட்டு. பின்னால் முழங்கையும் தோளும் விட்டுக்கொடுக்க இருக்கின்றன. உடம்பைத் திருப்பினாலே பூட்டு தளர்ந்துவிடும். முழங்கை ஒரே திசையில் மட்டும் மடங்கும். நீட்டிய பிறகு அதற்கு மேல் போக இடமில்லை. மேல்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் தோளாலும் காப்பாற்ற முடியாது. வலியைத் தாங்கிக்கொள்ள மனம் போதும். தசைநார் கிழிந்தால், எலும்பு முறிந்தால், எவ்வளவு மன உறுதி இருந்தாலும் அந்தக் கை எழும்பாது.

1951இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் நடந்ததைப் பாருங்கள். ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் ஹீலியோ கிரேசியின் கையை மடக்கித் தோளோடு திருகிப் பூட்டினார். கை முறிந்தது. கிரேசி அப்போதும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பினர்தான் துண்டை வீசினார்கள். அந்தப் பூட்டுக்குக் கிமுரா என்றே இன்று பெயர். 2011இல் டொராண்டோவில் நடந்த கலப்புச் சண்டைப் போட்டியில் ஃபிராங்க் மிர் இதே பூட்டால் எதிராளி நொகேராவின் கையை முறித்தார். எதிராளி முழு பலத்தோடு திமிறும்போது நடந்தவை இவை. அதனால்தான் நான் இவற்றைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஜூடோ போட்டியில் முழங்கைப் பூட்டு மட்டும் இன்றும் அனுமதியில் இருக்கிறது. கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள, நிறுத்தச் சொல்ல அவகாசம் இருப்பதால் பூட்டைத் தினமும் முழு எதிர்ப்போடு பழகலாம். பழகப் பழகக் கை தேறும்.

வர்மப் புள்ளியை அப்படிப் பழக வழியில்லை. நிற்கிற ஆளின் காதுக்குப் பின்னே, முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே, அழுத்தினால் உயிர்போகிற வலி. நரம்பு அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவே ஒளிய இடமில்லாமல் கிடக்கிறது. ஆனால் அவன் ஓடிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, கோபத்தில் கொதித்துக்கொண்டு இருக்கும்போது அந்த விரலகல இடம் கைக்கு அகப்படாது; அகப்பட்டாலும் அந்தச் சூட்டில் அவனுக்கு உறைக்காது. நெஞ்சில் விழும் ஓர் அடி இதயத்தை நிறுத்திவிடும் என்பது பொய்யல்ல. இதயத்துடிப்பின் ஒரு சுற்றில் சில பத்து மில்லி நொடிகளே நீளும் ஒரு தருணத்தில் அடி விழுந்தால் துடிப்பு குழம்பி மரணம் நேர்வதை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. பேஸ்பால் பந்து பட்டுப் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். அந்தத் தருணத்தைக் குறிபார்த்து அடிக்க மனிதனால் ஆகாது. தொடாமலே ஆளைச் சாய்ப்பதாகச் சொன்ன ஜப்பானியர் யனாகி ர்யுகென், 2006இல் ஒரு கலப்புச் சண்டை வீரரோடு மோதிச் சற்று நேரத்தில் முகத்தில் ரத்தத்தோடு விழுந்தார். அவர் வீழ்த்திக் காட்டியதெல்லாம் சொந்தச் சீடர்களைத்தான்.

அதனால்தானோ என்னவோ, பீன்யாவின் கார்மெண்ட்ஸ் பெண்களுக்கு ஆசான் புள்ளிகளைக் காட்டுவதே இல்லை, பிடியிலிருந்து விடுபடும் பிரிவுதான் சொல்லித்தருகிறார். பிடித்தவனின் பிடியில் பெருவிரல் பக்கம்தான் வாசல். கையை அந்தப் பக்கமாகத் திருப்பி உருவ வேண்டும், உருவியதும் ஓட வேண்டும். எனக்கு இதில் முழு உடன்பாடு. இரவு ஷிஃப்ட் முடிந்து டிவிஎஸ் கிராஸில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணிடம் 108 இடங்களின் பெயரைச் சொல்லி அனுப்புவது அநியாயம்.

பூட்டின் பழைய வேரைத் தேடி மைசூருக்கும் போனேன். விஜயதசமியன்று ஜம்பு சவாரிக்கு முன்னால் அரண்மனையில் நடக்கும் வஜ்ரமுஷ்டியில், தலை மழித்த ஜெட்டி மல்லர்கள் கையில் கூர்முனை ஆயுதத்தோடு மோதுவார்கள். தலையில் முதல் ரத்தம் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். கல்யாணத்திலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் 12ஆம் நூற்றாண்டு 'மானசோல்லாச'த்தில் மல்லர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அவர்களின் சாப்பாடு, பயிற்சி, பிடிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பில், பிசகிய மூட்டைச் சரிசெய்வதில் ஜெட்டிகள் கைதேர்ந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார். கன்னட நாட்டிலும் மல்லனே மூட்டு வைத்தியனாக இருந்திருக்கிறான்.

குமரியில் போய்ப் பார்த்தால் ஆசான்களின் வீடுகள் களரியாக இருப்பதைவிட வைத்தியசாலையாகவே அதிகம் இருக்கின்றன. தக்கலைக்கு அப்பால் ஒரு முதிய ஆசானின் திண்ணையில் பைக்கிலிருந்து விழுந்தவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள். முன்பெல்லாம் பனையிலிருந்து விழுந்தவர்கள்தான் தினமும் வருவார்களாம். மரம் ஏறுகிற ஊரில் எந்த மூட்டு எந்தப் பக்கம் கழன்றால் என்ன ஆகும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். பூட்டும் புள்ளியும் சண்டையில் மட்டும் பிறந்திருந்தால் இவ்வளவு துல்லியம் வந்திராது என்றேன். அவர் மறுக்கவில்லை. வந்தவரின் முழங்கையை விரலால் வருடிக்கொண்டே, "கழண்ட பக்கம் தெரிஞ்சாத்தான் கூட்ட முடியும். அது தெரிஞ்சவனுக்குக் கழத்தவும் தெரியும்லா" என்றார்.

அவரிடம் படிக்க வரும் பையன்கள் முதலில் எண்ணெய் காய்ச்சுகிறார்கள், பச்சிலை அரைக்கிறார்கள், கட்டுப் போடுகிறார்கள். அடங்கலைத் தட்டி இளக்கக் கை பழகிய பிறகே வர்ம அடி. அதுவும் எல்லோருக்கும் அல்ல.