ஒரு மணி நேர மதுரை

சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாய வழியில் சுமார் 420 கிலோமீட்டர்தான். ரயில் பாதையில் ஏறக்குறைய 490. விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடும். வைகை எக்ஸ்பிரஸில் போனால் அப்போதெல்லாம் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடித்தது.

உசிலம்பட்டியில் தனியாக இருந்த அம்மாவிடம் இந்தக் கணக்கைத்தான் அடிக்கடி சொல்வேன். "ஒரு போன் போடச் சொல்லும்மா, ஒரு மணி நேரத்துல வந்து நிப்பேன்."

2008-ல் ஒருநாள் காலை எட்டு மணிக்கு அந்தப் போன் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பேசினார். அம்மாவுக்கு மூச்சுத் திணறல். அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். டிக்கெட் கிடைத்தது பதினொன்றரை விமானத்துக்கு. அது கிளம்பியதோ ஒரு மணிக்கு. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, உசிலம்பட்டி மேற்கே நாற்பது கிலோமீட்டர். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மணி நாலு. வைகைக்கு ஆன அதே எட்டு மணி நேரம்!

அம்மா விழித்துத்தான் இருந்தாள். "ஒன்பது மணியிலருந்து வாசலையே பாத்துட்டிருந்தாங்க தம்பி" என்றார் அக்கா. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டியாய்யா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இப்போது மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். "நாலு மணி நேரம்தானேப்பா" என்கிறான். சரி என்று தலையாட்டுகிறேன். வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பதில்லை.