மேற்கு மாம்பலத்துச் சாயங்காலங்கள்

தெருவில் கிரிக்கெட் ஆட வேண்டுமென்றால் அந்தத் தெருவின் அகலத்துக்கு ஏற்பச் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் ஆடிய தெருவில் இரண்டு ஆட்டோக்கள் உரசாமல் போகலாம், அவ்வளவுதான் இடம். பந்து நேராக யார் வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்தாலும் அவுட். ஒரு பிட்ச் குத்தி வந்ததை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். சாக்கடைக்குள் போன பந்தை அடித்தவனேதான் எடுத்துக் கழுவித் தர வேண்டும். சுவரில் கரியால் இழுத்த மூன்று கோடுகள் ஸ்டம்ப். பந்து கோட்டில் பட்டதா, இடையில் பட்டதா என்று சண்டை முற்றினால், திண்ணையில் பேப்பர் படிக்கும் தாத்தாவிடம் ஓடுவோம். அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்தக் குறுகலில்தான் கை பழகியது. மேற்கு மாம்பலத் தெருக்களில் ஆடி வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட் எடுத்தார். விரலால் சொடுக்கி அவர் விட்ட கேரம் பந்தைப் பார்த்து ஊரெல்லாம் வியந்தபோது, டென்னிஸ் பந்தில் ‘சொடக்கு பால்’ போட்டு எங்களைத் திணறடித்த அண்ணன்கள்தான் என் கண்ணில் வந்து நின்றார்கள். 2024-ல் வெளியான தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் ‘ஐ ஹேவ் த ஸ்ட்ரீட்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார். அட்டையில் அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எப்போதும் கிரிக்கெட்தான் என்றில்லை. யாரும் அறிவிக்காமலே ஒருநாள் எல்லார் கையிலும் பம்பரம் வந்துவிடும். ஆக்கர் வாங்கி வாங்கி, தலையெல்லாம் குழியான பம்பரத்தை டவுசர் பையிலிருந்து எடுக்கவே பெருமையாக இருக்கும். பிறகு கோலி. ஆடிக் காற்றுக்குக் காத்தாடி. அக்காக்கள் காலையில் போட்ட கோலத்தை மிதிக்காமல், அதற்குப் பக்கத்தில் செங்கல் துண்டால் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடுவார்கள். ராத்திரி கரண்ட் போனால் தெரு முழுக்க ஒரே ‘ஓ’. அடுத்த நிமிஷம் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வெளியே. இருட்டில் கண்ணாமூச்சிக்கு ஈடு எதுவும் இல்லை.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் நினைத்துக்கொள்வது என் தம்பியை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை. எனக்கும் அவனுக்கும் ஐந்து வயது வித்தியாசம். அவனைக் கூட்டிப் போனால்தான் அம்மா என்னை வெளியே விடுவாள். அதனால் அவன் ‘ஒப்புக்குச் சப்பாணி’. எந்த அணியிலும் சேர்த்தி இல்லை. இரண்டு அணிக்கும் ஃபீல்டிங் செய்வான். கடைசியில் அவனுக்கும் நாலு பந்து. போல்டானாலும் அவுட் கிடையாது. எங்களிலேயே முரடனான அண்ணன்கூட அவனுக்கு மட்டும் முட்டி போட்டு உட்கார்ந்து, பந்தை மெல்ல உருட்டி விடுவான். இப்படிச் செய்யும்படி எந்தப் பெரியவரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் யாரும் சொல்லாமலே அவனை ஓர் அணியில் எடுத்தார்கள். அன்று ராத்திரி அவன் தூங்கவே இல்லை.

இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. நல்ல பேட், நல்ல காலணி, சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியர். ஆனால் பத்து வயதுக்குக் கீழே ஒரு குழு, பன்னிரண்டுக்குக் கீழே ஒரு குழு. அண்ணன் ஆடும் இடத்தில் தம்பிக்கு இடமில்லை.

எங்கள் தெருவில் முதல் அடுக்கு வீடு கட்டியபோது எங்களுக்குத் திருவிழா. லாரியில் வந்து கொட்டிய ஆற்று மணல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதில் சுரங்கம் தோண்டினோம், சறுக்கினோம், சிப்பி பொறுக்கினோம். மேஸ்திரி விரட்டுவார், அவர் டீ குடிக்கப் போனதும் மறுபடியும் ஏறுவோம். ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பம் வந்தது. பிறகு அடுத்த மனை, அதற்கடுத்த மனை. தரைத்தளம் முழுக்கக் கார்களுக்கு ஒதுக்கியும் போதாமல், மிச்சமான கார்கள் தெருவின் இரு ஓரங்களிலும் வந்து நின்றன. கரிக்கோடு போட்ட சுவர் போயிற்று. திண்ணை போயிற்று. அந்த மணல் எதற்காக வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பிள்ளைகள் செல்போனை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று எல்லாரும் குறைப்படுகிறோம். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அவர்களிடமிருந்து முதலில் போனது தெரு. செல்போன் அதற்குப் பிறகு வந்தது. 2022-ல் அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளை நிறுத்தி வைத்துச் சாலையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. இடம் கிடைத்தால் பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள் என்பதற்கு எனக்கு அது போதும். ஆனால் ஒலிபெருக்கியும் மேடையும் வைத்து ஊரே கூடும் நாள் அல்ல எனக்கு வேண்டியது. ஒரே தெருப் பிள்ளைகள் தினமும் சந்தித்து, சண்டை போட்டு, மறுநாள் அதே சண்டையோடு திரும்பி வரும் அந்தச் சாயங்காலம் வேண்டும்.

எங்கள் தெரு அடுக்ககச் சங்கங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: ஞாயிறு மட்டும், நாலரை முதல் ஆறரை வரை, ஒரு பக்கக் கார்களையாவது வேறு இடத்தில் நிறுத்த முடியுமா? இரண்டு கட்டடத்தார் சரி என்றிருக்கிறார்கள். மூன்றாவதில் பேச இந்த வாரம் போகிறேன். என் தம்பி அன்றிருந்த வயதில் அங்கே நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள்.