மூன்று பேசின் காட்டுநெல்

வேளாண்மை கதிர் தள்ளும் நாட்களில் வாப்பா வயலுக்குள் இறங்கினால் அவருடைய கண் நெல்லில் நிற்காது. நெல்லைப்போல் நிற்கும் மற்றதைத்தான் தேடும். தாளின் அடியில் இலேசான செம்மை, மணியின் நுனியில் நீண்ட கூர், காற்றுப் பட்டாலே மணி உதிரும் அவசரம். கண்டால் வேரோடு பிடுங்கி, வரம்பில் எறியாமல், சாரன் மடியில் கட்டிக்கொண்டு வாடிக்கு வந்து எரிப்பார். "ஒரு மணி உதிந்தா ஏழு வருசத்துக்குக் கரைச்சல் மகன்" என்பார். ஏழு என்பது அவருடைய கணக்கு. ஆனால் காட்டுநெல்லின் விதை மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் என்பது உண்மை.

அவருக்கு அதன்மேல் இருந்தது வெறும் வெறுப்பல்ல. 1990க்குப் பிறகு சில வருடங்கள் எங்கள் வட்டைப் பக்கம் யாரும் போக முடியவில்லை. திரும்பிப் போனபோது வரம்பு தெரியவில்லை. காட்டுநெல்தான் வயலாக நின்றது. வாப்பா அன்று வாடியிருந்த இடத்தில் குந்தி நெடுநேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைத் துப்புரவாக்க மூன்று போகம் பிடித்தது.

அப்படிப்பட்டவரின் வீட்டு முற்றத்தில் 2003ஆம் ஆண்டு மாரியில் நான் காட்டுநெல் வளர்த்தேன்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். ஒரே இனப் புல் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தோற்றத்தில் நிற்கிறது. அது மண்ணும் தண்ணீரும் செய்த வேலையா, பரம்பரையலகில் எழுதப்பட்டதா? சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கோத்தே தூரெசன் நூறு வருடங்களுக்கு முன்னரே இதற்கு எளிய வழி காட்டினார். பல இடத்துச் செடிகளைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில் வளர்த்துப் பார்த்தார். மண் செய்த வேற்றுமை மறைந்துவிடும். பரம்பரை செய்தது நிலைக்கும். இடத்துக்கேற்ப அமைந்த இத்தகைய வகைகளுக்கு 1922இல் பெயரும் வைத்தார். இதைக் கரும்பலகையில் எழுதி எழுதி எனக்கே அலுத்துப் போயிருந்தது.

மூன்று பேசின் வாங்கினேன். ஒன்றில் எங்கள் ஊருக்கு மேற்கே, பங்குனியில் வெடித்துக் காயும் சின்னக் குளத்தின் ஓரத்து விதை. இன்னொன்றில் வயலை ஒட்டிய வாய்க்கால் கரையில் எடுத்தது. மூன்றாவதில், களுத்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி வீட்டுக்குப் போனபோது, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் சதுப்பில் பொறுக்கியது. உமியை உரித்து ஊறவைத்த பிறகுதான் முளைத்தன. ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே வெயில். இலக்கங்களைப் பேசினின் அடியில் எழுதிவைத்தேன்.

"வயல்ல புடுங்கி எரிக்கிறத்த ஊட்டுல கொண்டு வந்து வளக்கியா?" வாப்பா ஒரு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் சுபஹுத் தொழுதுவிட்டு வரும்போது பேசின்களுக்குப் பக்கத்தில் அவருடைய நடை தாமதிப்பதை உம்மா எனக்குச் சொன்னா.

ஒருநாள் பின்னேரம் அவராகவே கூப்பிட்டார்.

"இது குளத்துப் புல்லு" என்றார், கதிர் தள்ளிப் படர்ந்து கிடந்த பேசினைக் காட்டி. "தண்ணி வத்துறத்துக்குள்ள புள்ள பெத்துப் போட்டுட்டுச் சாகிற சாதி." மற்றதைப் பார்த்தார். அது கதிரைப் பற்றி நினைக்காமல் தாளை நீட்டி, கணுவிலெல்லாம் வேர் விட்டுக்கொண்டிருந்தது. "இது நம்மட பக்கத்துச் சாமான் இல்ல. இதுக்குத் தண்ணி வத்தும் எண்ட பயமே இல்ல."

அடியில் இருந்த இலக்கத்தை நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை. புத்தகத்தில் முதலாவது ஒறைசா நிவாரா, ஓராண்டுப் புல், உலர்வலயத்தின் வற்றும் நீர்நிலைகளுக்குரியது. இரண்டாவது ஒறைசா ரூபிபோகன், பல்லாண்டு வாழ்வது, ஈரவலயத் தாழ்நிலத்துக்குரியது. நெருங்கிய உறவினர். சிலர் இரண்டையும் ஒரே இனமென்றே கொள்வார்கள். எங்கள் முற்றத்தில் தண்ணீர் வற்றவேயில்லை. ஆனாலும் குளத்துப் புல் தன் பயத்தை விடவில்லை.

மூன்றாவது பேசின்தான் அவரை நிறுத்தியது. அதில் சில செடி படர்ந்தும், சில நெல்லைப்போல நிமிர்ந்தும் நின்றன. இரண்டொன்றில் கூரே இல்லை.

"இது வயல் கரை. நம்மட நெல்லுக்கிட்ட நிண்டு நிண்டு அதுட குணத்தப் படிச்சிட்டு."

பாதி சரி, என்றேன். பயிர்நெல்லோடு மகரந்தம் கலந்திருக்கலாம். மீதிப் பாதிதான் சொல்ல வாய் வரவில்லை, சொன்னேன். "வாப்பா, நீங்க வித்தியாசமா நிக்கிறத்தத்தானே புடுங்குற. நெல்லுமாதிரி நிக்கிறது தப்பிச்சிரும். அதுட விதைதானே அடுத்த போகத்துக்கு மொளைக்கும்?"

அவர் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நானும் எங்கட வாப்பாவும்தான் இத வளத்திருக்கம்."

அன்றிரவே கட்டளை வந்தது. ஒரு மணிகூட முற்றத்தைத் தாண்டக்கூடாது. பக்கத்து வயல்காரனுக்கு நாம் கரைச்சல் கொடுக்கக்கூடாது. கதிர்களுக்குக் கடதாசிப் பை கட்டினோம். அளந்து எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் அவர் கையாலேயே எரித்தார். நான் தடுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் இருக்கிறது.

நான் அப்போது யோசிக்காதது வேறொன்று. குளத்துப் புல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் விதை கட்டுவது. அதனால் ஒரு குளத்துக்குள் செடிக்குச் செடி வேற்றுமை குறைவு. குளத்துக்குக் குளம் வேற்றுமை அதிகம். ஈரவலயத்துப் பல்லாண்டுப் புல்லில் நிலைமை ஏறக்குறைய மறுதலை. ஆகவே ஒரு குளத்தோரம் போனால், மற்றக் குளத்தில் இருக்கிறதுதானே என்று ஆறுதல் கொள்ள இயலாது.

1970களில் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதை நன்றாக உணர்ந்தது. கபிலத் தத்தி பரப்பும் ஒரு வைரஸ், நெற்பயிரைப் புல்போலக் குட்டையாக்கி அழித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தும், எதிர்ப்புச் சக்தி கிடைத்தது ஒன்றேயொன்றில். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த நிவாரா, 101508 என்ற இலக்கமிட்டது. அந்தப் பரம்பரையலகு 1976இல் வெளியான ஐ.ஆர். 36இல் சேர்ந்தது. 1980களில் அந்த நெல் ஒரு கோடியே பத்து இலட்சம் ஹெக்டேயர் வரை விளைந்தது. மற்ற நிவாராக்களிலும் தேடினார்கள். இல்லை.

எங்கள் குளத்தோரப் புல்லில் அப்படியேதும் இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. இருந்ததா என்று பார்க்க இனி வழியில்லை என்பதைத்தான் சொல்கிறேன். வாப்பா 2009இல் மௌத்தானார். 2012இல் குளத்தின் அந்தப் பக்கத்தைக் கிரவல் போட்டு நிரப்பினார்கள். இப்போது அங்கே கடைகள். கண்ணொறுவையில் 1988 முதல் விதைகளைக் குளிரில் காக்கும் தாவர மரபுவள நிலையம் இயங்குகிறது. ஒரு கடித உறையில் நூறு மணி போட்டு அனுப்பியிருக்கலாம். ஆயிரம் மாணவருக்குப் பரம்பரையியல் படிப்பித்த எனக்கு அது தோன்றவில்லை.

மாரி முடிந்ததும் அந்தப் பக்கம் ஒருதரம் நடந்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. போன வருடம், கடைகளுக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கும் பள்ளத்தில் ஒரு பற்றை கண்டேன். படர்ந்த தாள், நீண்ட கூர், அடியில் செம்மை. மணி இன்னும் பால் பிடிக்கவில்லை. குளத்துச் சாதியா, வாய்க்கால் சாதியா என்று பார்த்ததும் சொல்ல வாப்பா இல்லை. வீட்டுக்கு வந்து கடிதஉறை ஒன்றை எடுத்து, இடத்தையும் திகதியையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இடையில் காய்ச்சலாகிவிட்டது. பதினாறு நாள் கழித்துப் போனேன். கதிர் வெறும் ஈர்க்காக நின்றது. மணியெல்லாம் உதிர்ந்து சேற்றுக்குள் போயிருந்தது.